மாடி போர்ஷனா, கடனில் ஃபிளாட்டா, ரீட் அலகுகளா? சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏற்ற வாடகை முதலீடு

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் ஒரு சென்னைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மூத்த பிள்ளைக்கு எட்டு வயது, இளையதற்கு மூன்று வயது, கையில் உள்ள சேமிப்பு 35 லட்சம் ரூபாய். அதை வீடு, மனை என்று போட்டு வாடகை பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் வழக்கமாக முதலில் கேட்பது, எதில் அதிகம் வரும் என்பதைத்தான். ஆனால் வாடகைக்கு விடுவது பணத்தோடு சேர்த்து வீட்டுப் பெரியவர்களின் நேரத்தையும் கேட்கும் தொழில் என்பதால், அந்த நேரம் நாளின் எந்த வேளையில், யாருடைய கையிலிருந்து போகும் என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் வருமானக் கணக்குக்குப் போக வேண்டும் என்பேன். சொந்த வீட்டின் மேல் மாடி போர்ஷன் கட்டுவது, கடனில் ஃபிளாட் வாங்குவது, பெரிய வணிகக் கட்டடங்களின் வாடகையில் பங்கு தரும் ரீட் அலகுகளை வாங்குவது ஆகிய மூன்றையும் அந்த வரிசையில் பார்த்தால், எல்லோருக்கும் முதலில் தோன்றும் ஃபிளாட், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கடைசியாக எடுக்க வேண்டிய தேர்வாகிவிடுகிறது.

ஃபிளாட்டின் கணக்கை முதலில் போட்டுவிடலாம். மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் கைமாறும் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றை 75 லட்சத்துக்குப் பேசி முடித்ததாக வைத்துக்கொள்வோம். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 6.75 லட்சம் போகும். வங்கி 50 லட்சம் கடன் கொடுத்தால், மீதி 25 லட்சத்தையும் பத்திரச் செலவையும் சேர்த்து 31.75 லட்சம் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும். மிஞ்சும் மூன்றேகால் லட்சம், தரகரின் கமிஷனுக்கும் வண்ணப்பூச்சுக்கும் சில்லறைச் செலவுகளுக்கும் போக, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர்த்தால் எடுத்துச் செலவழிக்கக்கூடிய தொகையாக நிற்காது. கடனுக்கு 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 43,400 ரூபாய். வாடகை 20,000 கிடைத்தால் ஆண்டுக்கு 2.4 லட்சம், அதாவது வீட்டு விலையில் 3.2 சதவீதம். அதிலும் அரையாண்டுக்கொரு முறை கட்டும் சொத்து வரி, பழுதுபார்ப்பு, ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதம் எல்லாம் போக 16,000 கையில் நின்றால் நல்லது. மீதி 27,000 ரூபாயை மாதந்தோறும் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும்.

வரிச் சலுகை இந்த இடைவெளியை நிரப்பிவிடும் என்று வீடு விற்பவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வாடகையிலிருந்து சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை நிலையான கழிவாக எடுத்து, அதற்கு மேல் கடன் வட்டியையும் கழிக்கலாம் என்பது உண்மைதான். நம் கணக்கில் முதலாண்டு வட்டி மட்டுமே 4.2 லட்சத்துக்கு மேல் வருவதால், ஏட்டில் இரண்டரை லட்சம் நட்டம் நிற்கும். பழைய வரி முறையில் இருப்பவர் அதில் 2 லட்சம் வரை சம்பளத்துக்கு எதிராகக் கழித்துக்கொள்ளலாம். இப்போது இயல்பாகவே எல்லோரும் வைக்கப்படும் புதிய வரி முறையில் அந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க வழியில்லை. அதனால் புதிய முறையில் இருப்பவர்கள் வரிச் சலுகையை நம்பி ஃபிளாட் வாங்குவதில் பொருளில்லை.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த மாத இடைவெளியைவிடக் கடனின் நீளம்தான். பத்தாண்டு தவறாமல் தவணை கட்டி, மொத்தம் 52 லட்சம் ரூபாய் வங்கிக்குக் கொடுத்த பிறகும், 50 லட்சம் அசலில் ஏறத்தாழ 35 லட்சம் பாக்கி நிற்கும். அந்த ஆண்டில்தான் மூத்த பிள்ளை பதினெட்டைத் தொட்டுக் கல்லூரியில் சேரும். தவணையும் கல்லூரிக் கட்டணமும் ஒன்றாக வந்து நிற்கும் அந்த நாளில் வீட்டை விற்றுவிடலாம் என்றால், அவசரத்துக்கு விற்பவருக்குச் சென்னையில் நல்ல விலை கிடைப்பது அரிது. விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு 12.5 சதவீத வரியும் உண்டு.

பணத்தை விட்டு நேரத்துக்கு வருவோம். குடியிருப்பவர் நல்லவர், வாடகை ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடுகிறது என்றால் ஆண்டில் பல மாதங்கள் உரிமையாளருக்கு வேலையே இருக்காது. ஆனால் வேலை வரும்போது பிள்ளைகளுக்கு நாம் வேண்டிய நேரத்தில்தான் வரும். குளியலறைக் கசிவை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்து வீட்டின் கூரையில் ஈரம் தெரிகிறது என்று அசோசியேஷனிலிருந்து அழைப்பு வரும். குழாய் கசிகிறதா, தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு போய்விட்டதா என்று தெரிய வேண்டுமானால், தண்ணீர் போகும் துளையைத் துணி திணித்து அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, கீழ்வீட்டுக் கூரையில் ஈரத்தின் விளிம்பைச் சாக்பீஸால் கோடிட்டு வைத்து, ஒருநாள் கழித்து அந்தக் கோட்டைத் தாண்டி ஈரம் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஒருநாளும் குடியிருப்பவர் குளிக்க இடம் வேண்டும், கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட வேண்டும், பிளம்பர் சொன்ன நேரத்தில் வர வேண்டும். மூன்று பேருக்கும் ஒத்துவரும் நாள் சனி, ஞாயிறுதான். ஃபிளாட் பெரும்பாக்கத்திலும் நாம் அம்பத்தூரிலும் இருந்தால், அந்த வாரத்தின் இரண்டு விடுமுறை நாளும் அதிலேயே தீர்ந்துபோகும். கணவன், மனைவி இருவரில் ஒருவர் இதற்காகக் கிளம்பும்போது மற்றவர் இரண்டு பிள்ளைகளையும் தனியாகப் பார்த்துக்கொள்கிறார் என்பதும் செலவுதான். பல வீடுகளில் அந்தச் செலவு முழுவதும் மனைவியின் பங்கில் விழுந்து, யார் கணக்கிலும் ஏறாமல் போய்விடுகிறது.

ஆள் மாறும் காலத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் ஏப்ரல், மே மாதங்களில்தான் வீடு தேடுகின்றன. ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் ஆனிக் கடைசியில் காலியான வீடு ஆவணி வரை சும்மா கிடக்கலாம். வழக்கமான பதினோரு மாத ஒப்பந்தம் இந்த நாட்காட்டியோடு ஒத்துப்போவதில்லை. ஜூனில் தொடங்கியது ஏப்ரலில் முடியும், அடுத்தது மார்ச்சில், அதற்கடுத்தது பிப்ரவரியில் என்று நழுவி, நம் பிள்ளைகளுக்கும் குடியிருப்பவரின் பிள்ளைகளுக்கும் தேர்வு நடக்கும் நாட்களில் வந்து நிற்கும். ஒப்பந்தத்தின் முடிவுத் தேதியை மே மாதக் கடைசியிலேயே வைத்து எழுதிக்கொள்வது நல்லது. பக்கத்துப் பள்ளியில் பிள்ளை படிக்கும் குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைத்து விட்டாலும் லாபம்தான் என்பது என் கருத்து. பள்ளி மாறாத வரை அவர்கள் வீடு மாற மாட்டார்கள். வேலைக்கு வந்து தங்கும் இளைஞர்கள் தலைக்கு இவ்வளவு என்று சேர்த்துக் கூடுதலாகக் கொடுத்தாலும், அலுவலகம் மாறினால் கிளம்பிவிடுவார்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த வகை வீட்டை வாடகைக்கு விட்டாலும் இது பொருந்தும். 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. சென்னையின் பழைய பத்து மாத அட்வான்ஸ் வழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன். அது குடியிருப்பவரின் பணம், திருப்பிக் கொடுக்க வேண்டியது. பள்ளிக் கட்டணத்துக்கு அதை எடுத்துச் செலவழித்துவிட்டு, காலி செய்யும் நாளில் புதியவர் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் தர முடியும் என்று பழையவரை அலையவிடும் வீட்டுக்காரர்கள் ஏராளம். மூன்று மாதத் தொகையை வாங்கி, தனி வைப்புக் கணக்கில் போட்டுவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சாவி கொடுக்கும் நாளில் மின் மீட்டரின் எண், குழாய்கள், சுவர்கள், அலமாரிக் கதவுகள் ஆகியவற்றைப் படமெடுத்து இருவரும் வைத்துக்கொண்டால், காலி செய்யும் நாளின் வாக்குவாதங்களில் பெரும்பகுதி எழாது.

இனி மாடி போர்ஷன். சொந்தத்தில் தனிவீடு இருந்து, அஸ்திவாரம் மேல்தளத்தைத் தாங்கும் என்று பொறியாளர் பார்த்துச் சொல்லி, உள்ளாட்சி அனுமதியும் கிடைக்கும் என்றால், மேலே 900 சதுர அடி எழுப்புவதை முதலில் யோசிக்க வேண்டும். சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் கட்டுமானம் 22.5 லட்சம். வெளிப்படிக்கட்டு, தனி மின் இணைப்பு, தனித் தண்ணீர்த் தொட்டி, அனுமதிச் செலவு எல்லாம் சேர்ந்து 25 லட்சத்தில் முடியலாம். வாடகை 15,000 வந்தால் ஆண்டுக்கு 1.8 லட்சம், போட்ட பணத்துக்கு 7.2 சதவீதம். நிலத்தின் விலை இதில் சேரவில்லை என்பதால் ஃபிளாட்டின் 3.2 சதவீதத்தோடு இதை நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் அந்த நிலத்தில் எப்படியும் நாம் குடியிருக்கிறோம், புதிதாகக் கையை விட்டுப் போகும் பணம் இவ்வளவுதான் என்பதே முடிவெடுப்பவருக்கு வேண்டிய கணக்கு. கடனும் இல்லை, பத்து லட்சம் கையிலேயே இருக்கிறது.

நேரக் கணக்கில் மாடிக்கு ஈடு கிடையாது. குழாய் கசிந்தால் பிளம்பர் வரும்போது வீட்டில் யாராவது இருப்பார்கள், வீடு பார்க்க வருகிறவர்களுக்குச் சமையலுக்கு நடுவே சாவியைக் கொடுத்து அனுப்பலாம். ஆனால் அருகில் இருப்பதற்கென்று ஒரு விலை உண்டு. காலை ஏழு மணிக்கு ஒரு பிள்ளைக்குச் சீருடை மாட்டி, இன்னொன்றுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருக்கும்போது, மேலே தண்ணீர் வரவில்லை, மோட்டார் போடுங்கள் என்று குரல் வரும். ஒரே மோட்டாரிலிருந்து இரண்டு தொட்டிக்கும் வால்வு திருப்பி நீரேற்றும் வீடுகளில் இது தினசரித் தலைவலி. கட்டும்போதே மேல்தொட்டிக்குத் தானாக இயங்கி நிற்கும் கருவியோடு தனி மோட்டார் வைத்துவிட வேண்டும். மின்சாரத்துக்கும் அப்படித்தான். தனி மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கொரு முறை வரும் கணக்கில் இலவச 100 யூனிட் குடியிருப்பவருக்கே கிடைக்கும், யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று நாம் வசூலிக்கும் சங்கடமும் இருக்காது. படிக்கட்டு நம் கூடத்தின் வழியாக இல்லாமல் வெளியே இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குடியிருப்பவரின் விருந்தாளிகள் யார், எத்தனை மணிக்கு வருகிறார்கள், என்ன சமைக்கிறார்கள் என்பதெல்லாம் நம் கண்ணில் படாத அமைப்பு அவருடைய உரிமையையும் நம் அமைதியையும் சேர்த்தே காக்கும். சாப்பாட்டையும் சாதியையும் கேட்டு ஆள் தேடுவதைப் பார்த்து வளரும் பிள்ளை அதையே கற்றுக்கொள்ளும் என்பதையும் பெற்றோர் மறக்கக் கூடாது.

கட்டும் காலம்தான் மாடியின் உண்மையான செலவு. ஆறேழு மாதம் வீட்டு வாசலில் மணலும் ஜல்லியும் கம்பியும் கிடக்கும், கைப்பிடி இல்லாத படிக்கட்டு நிற்கும், தண்ணீர் நிரப்பிய டிரம் இருக்கும். மூன்று வயதுக் குழந்தை உள்ள வீட்டில் இவை ஒவ்வொன்றும் ஆபத்து. கான்கிரீட் போடும் கட்டத்தைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அப்படி அனுப்ப இடமில்லாதவர்கள் இளையது பள்ளிக்குப் போகத் தொடங்கும் வரை இரண்டு ஆண்டு பொறுத்திருப்பதே சரி.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். நம் ஊரில் பல தனிவீடுகள் இன்னும் அப்பாவின் பெயரில்தான் இருக்கின்றன. மகன் தன் சேமிப்பில் மாடி எழுப்பி, வாடகையும் வாங்கிக்கொண்டிருப்பான். உயில் எழுதாமல் அப்பா காலமானால், அவர் சுயமாகச் சம்பாதித்த அந்தச் சொத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகப் போகும். மேலே கட்டியது யார் பணம் என்ற கேள்வி அப்போதுதான் எழும், அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றுபோகும். அப்பா நல்ல நிலையில் இருக்கும்போதே, உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி, உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக்கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரமோ உயிலோ எழுதிய பிறகுதான் ஒரு மூட்டை சிமென்ட்டாவது இறக்க வேண்டும். பத்திரம் நம் பெயரில் இல்லாத நிலத்தில் 25 லட்சத்தைக் கொட்டுவதைவிட, 75 லட்சம் ஃபிளாட்டே பத்திரமானது என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

மூன்றாவது வழி, ரீட் எனப்படும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகளின் அலகுகளை வாங்குவது. வாடகை ஈட்டும் பெரிய அலுவலக வளாகங்களையும் மால்களையும் வைத்திருக்கும் இந்த அறக்கட்டளைகளுக்கு, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2014-இல் விதிமுறைகளை வகுத்தது. முதலாவதாக எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் 2019 ஏப்ரலில் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. மைண்ட்ஸ்பேஸ் 2020-இலும், புரூக்ஃபீல்டு இந்தியா 2021-இலும், மால்களை வைத்திருக்கும் நெக்சஸ் செலக்ட் 2023-இலும் வந்தன. வடபழனியில் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நெக்சஸ் விஜயா மால் இந்தக் கடைசி அறக்கட்டளையுடையதுதான். பகிர்ந்தளிக்கத்தக்க நிகர வருவாயில் குறைந்தது 90 சதவீதத்தை அலகுதாரர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு இருந்தால் ஒரே ஒரு அலகைக்கூட வாங்கலாம். நேரக் கணக்கில் இதன் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு இரண்டு லட்சம் வேண்டுமானால் அந்த அளவுக்கு மட்டும் விற்கலாம், ஃபிளாட்டின் சமையலறையை மட்டும் விற்க முடியாது.

குறைகளும் உண்டு. விலை பங்குகளைப் போல ஏறி இறங்கும், அலுவலக இடத்துக்குத் தேவை குறைந்தால் வருமானமும் குறையும். வீட்டைப் போல வங்கிக் கடனை வைத்துப் பெரிதாக வாங்கவும் முடியாது. கடன் சுமையில்லாமல் இருக்க வேண்டிய பருவத்தில் இதை நான் குறையாகவே பார்க்கவில்லை. நமக்கென்று ஒரு வீடு, பிள்ளைக்கென்று ஒரு வீடு என்ற மனநிறைவை இது தராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மனநிறைவு பல குடும்பங்களுக்கு உண்மையான தேவை, அதைக் கேலி செய்வது சரியல்ல.

மாத வாடகை வசூலிக்கும் வேலையே வேண்டாம் என்று வீட்டை ஒத்திக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். எட்டு லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாக வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று ஆண்டு வாடகையில்லாமல் குடியிருக்க விட்டு, கெடு முடிந்ததும் தொகையை அப்படியே திருப்பித் தருவது இதன் முறை. தொகையை வங்கியில் வைப்பாகப் போடுகிறவருக்கு இதில் தொல்லை குறைவு. ஆனால் ஒத்திப் பணத்தை வாங்குகிற பெரும்பாலோர் அதைக் கடனை அடைக்கவோ கல்யாணம் செய்யவோதான் வாங்குகிறார்கள். கெடுவுக்கு வேறொரு ஒத்திக்காரர் கிடைக்காவிட்டால், குடியிருந்தவரின் வாழ்நாள் சேமிப்பு நம் கையில் சிக்கி நிற்கும். பிள்ளைகளுக்கான செலவுகள் ஆண்டுக்காண்டு கூடும் பருவத்தில் இருக்கும் பெற்றோர் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

காலி மனையில் குடியிருப்பவர் இல்லை, வாடகையும் இல்லை. அங்கீகாரமுள்ள மனையாகப் பார்த்து வாங்கி, வேலி போட்டு, அவ்வப்போது நேரில் போய் எல்லைக்கல் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, வில்லங்கச் சான்று எடுத்துக்கொண்டிருந்தால் போதும். பதினைந்து ஆண்டு கழித்து வேண்டிய பணத்துக்கு இது சரியாக இருக்கலாம், வாடகை வருமானம் தேடும் குடும்பத்துக்கு இதில் ஒன்றுமில்லை. கடை வாடகை வீட்டைவிட அதிகம் கொடுக்கும், காலியானால் மாதக்கணக்கில் ஷட்டர் மூடியே கிடக்கும். மாத வருமானத்தில் தவணை கட்டுகிறவருக்கு அது தாங்காது.

ஃபிளாட்டை வாங்கிவிட்டு, பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் நேரப் பிரச்சினை தீர்ந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. வாடகைச் சட்டமே சொத்து மேலாளர் என்ற பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் 16,000 ரூபாய் நிகர வாடகையில் மேலாளருக்கும் பங்கு கொடுத்தால், ஏற்கெனவே சம்பளத்திலிருந்து கட்டும் 27,000 இன்னும் கூடும். ஓய்வுபெற்ற மாமனாரோ அப்பாவோ பார்த்துக்கொள்வார் என்பது நம் வீடுகளில் வழக்கமான ஏற்பாடு. அதை அவரிடம் கேட்டுவிட்டுச் செய்வதும், எழுபது வயதில் அவரை மூன்றாம் மாடிக்கு ஏறவைக்காமல் இருப்பதும் நம் கடமை.

ஆகவே, பத்திரம் தெளிவாகத் தங்கள் பெயரில் உள்ள தனிவீட்டுக்காரர்களுக்கு என் பரிந்துரை மாடி போர்ஷன், இளையது பள்ளியில் சேர்ந்த பிறகு. மிஞ்சும் பத்து லட்சத்தில் பாதியை வைப்பாகவும் பாதியை ரீட் அலகுகளாகவும் வைத்திருக்கலாம். தாங்களே வாடகை வீட்டில் இருப்பவர்கள், வாடகைக்கு விடுவதற்கென்று ஃபிளாட் வாங்காமல், தாங்கள் குடியேறப் போகும் வீட்டுக்கே அந்த 35 லட்சத்தை வைத்துக்கொள்ள வேண்டும். சொந்த ஃபிளாட்டில் கடனில்லாமல் குடியிருந்து, இரண்டாவது ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கு, இளையது ஆறாம் வகுப்புக்கு வரும் வரை ரீட் அலகுகளும் வங்கி வைப்புமே போதும் என்பேன். அதற்குள் சேமிப்பு வளர்ந்து, கடன் 50 லட்சத்திலிருந்து 25 லட்சமாகச் சுருங்கினால் தவணை மாதம் 21,700 ரூபாயாக இறங்கும், வாடகையே அதில் பெரும்பகுதியைக் கட்டிவிடும். அப்போதும் வீட்டை நம் வீட்டிலிருந்து இருசக்கர வாகனத்தில் இருபது நிமிடத்துக்குள், நடக்கும் தூரத்தில் ஒரு பள்ளி இருக்கும் தெருவில், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் நின்றதா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்த பிறகு வாங்க வேண்டும்.